ஊழும் உழைப்பும்

வாழ்வைப் பற்றிய பெருவினாக்கள் ஏடுகளில் மட்டும் எழுவன அல்ல. அவை அடுக்களையிலும் எழும். மாலையில் வீடு திரும்பும் மின்சார இரயிலிலும் எழும். தேர்வு முடிவு வெளியாகும் நாளில் கூடத்தின் நடுவிலும் எழும். அவ்வினாக்களுள் ஒன்று, பிறந்த மண்ணை விட்டு வந்து பிற மாநிலங்களில் குடியமர்ந்து வாழும் நம் போன்றோரை விடாது தொடர்கிறது. நாம் இன்று நிற்கும் இடத்திற்கு நம்மைக் கொண்டுவந்து சேர்த்தது எது? நம் உழைப்பா? அல்லது ஊழா?

சங்கத்தின் ஆண்டு விழாவில் பெரியவர் ஒருவருக்குப் பொன்னாடை போர்த்தும்போது, "தம் உழைப்பால் உயர்ந்தவர்" என்று பாராட்டுகிறோம். அவரே விருந்தின்போது நம் பக்கத்தில் அமர்ந்து பழங்கதை பேசத் தொடங்கினால், "அன்று அந்த ஊர்க்காரர் தம் அறையில் படுக்க இடம் கொடுத்திராவிட்டால், அடுத்த வண்டியிலேயே ஊருக்குத் திரும்பியிருப்பேன்" என்கிறார். மேடையில் உழைப்பு, பந்தியில் ஊழ். இரண்டும் பொய்யல்ல. எனினும், இரண்டும் ஒருங்கே எவ்வாறு மெய்யாகும் என்று நாம் நின்று எண்ணிப் பார்ப்பதில்லை.

எண்ணிப் பாராமையால் ஒரு தீங்கு விளைகிறது. நமக்கு வந்த நன்மைக்கு நம் உழைப்பைக் காரணம் காட்டுகிறோம்; நமக்கு வந்த தீமைக்கு ஊழைக் காரணம் காட்டுகிறோம். பிறரைப் பற்றிப் பேசும்போதோ இதனைத் தலைகீழாக மாற்றிவிடுகிறோம். அடுத்த வீட்டார் முன்னேறினால், "அதிர்ஷ்டக்காரர்கள்" என்கிறோம். அவர்கள் தாழ்ந்தால், "பொறுப்பற்றவர்கள்" என்கிறோம். இது கோல் கோடிய தராசு. இதனை நேர்செய்ய இயலுமா என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எல்லாம் ஊழே என்றோர்

முன்னோர்க்கு நீர்க்கடன் ஆற்றுவதற்காகக் கயைக்குச் செல்லும் தமிழர் பலர். அந்நகருக்கு வடக்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில் பராபர் குன்றுகள் உள்ளன. ஆங்கே கருங்கல்லைக் குடைந்து அமைத்த குகைகளைக் காணலாம். அவற்றின் உட்சுவர்கள் கண்ணாடி போல் மெருகேற்றப்பட்டவை. கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் அசோக மன்னர் அவற்றுள் சிலவற்றை ஆசீவகத் துறவிகளுக்கு வழங்கினார் என்பதை அங்குள்ள கல்வெட்டுகள் கூறுகின்றன.

அந்த ஆசீவகர்களே, எல்லாம் ஊழின் வழி என்ற கொள்கையை இந்நாட்டில் முற்ற முடிந்த வடிவில் உரைத்தவர்கள். புத்தரும் மகாவீரரும் வாழ்ந்த காலத்தில் வாழ்ந்த மற்கலி கோசாலர் அவர்தம் ஆசான். அவர்களுடைய நூல்கள் இன்று நமக்குக் கிடைத்தில. மறுப்போர் எழுதிவைத்தவற்றைக் கொண்டே அவர்களை அறிகிறோம். உருட்டிவிட்ட நூற்பந்து, நூல் தீரும்வரை அவிழ்ந்துகொண்டே செல்வது போல, உயிரும் தனக்கு அமைந்த வழியில் சென்று ஓயும். இடையில் எவருடைய முயற்சியும் அதனை விரைவுபடுத்தாது, தாமதப்படுத்தவும் செய்யாது என்பது அவர்தம் கொள்கையாகப் பௌத்த நூல்களில் காணப்படுகிறது.

இவர்கள் தமிழகத்திற்குப் புதியவர்கள் அல்லர். மணிமேகலை சமயவாதிகளிடம் அவரவர் கொள்கையைக் கேட்டறியும் காதையில் ஆசீவகரும் இடம் பெறுகின்றனர். நீலகேசி என்னும் நூலில் அவர்களோடு வாதிடுவதற்கெனவே ஒரு சருக்கம் உண்டு. வடக்கே அவர்கள் சுவடு மங்கிய பின்னரும் தென்னாட்டில் நெடுங்காலம் அவர்கள் வாழ்ந்தனர் என்பதை, 1951-ஆம் ஆண்டு வெளிவந்த தம் ஆராய்ச்சி நூலில் ஏ. எல். பாஷம் விரித்துக் காட்டினார்.

இக்கொள்கைக்கு எதிராகச் சமண ஆகமம் ஒன்று ஓர் உரையாடலைச் சொல்கிறது. சத்தாலபுத்தர் என்னும் குயவர் ஆசீவக நெறியினர். தொழிலில் பெரியவர், பலரை வைத்து வேலை வாங்குபவர். ஒரு நாள் அவர் பச்சைப் பானைகளை வெயிலில் உலர்த்திக்கொண்டிருந்தபோது மகாவீரர் அவரிடம், "இப்பானைகள் முயற்சியால் ஆனவையா, முயற்சியின்றி ஆனவையா?" என்று வினவினார். தம் கொள்கைக்கு ஏற்பக் குயவர், "முயற்சி என்று ஒன்றில்லை, எல்லாம் முன்னரே அமைந்தவை" என்றார். "அப்படியாயின், உம்முடைய வேலையாள் ஒருவன் இப்பானைகளைத் திருடினாலும் உடைத்தாலும் என்ன செய்வீர்?" என்றார் மகாவீரர். "அடிப்பேன், கட்டிவைப்பேன்" என்று குயவர் சினந்து கூறினார். "முயற்சி என்பதே இல்லையெனில், அவன் உடைத்ததும் இல்லை; நீர் தண்டிப்பதற்கும் காரணம் இல்லையே!" என்றார் அவர். குயவர் சிந்தனையில் ஆழ்ந்தார் என்பது கதை.

இதில் வென்ற சமயம் எது என்பது நமக்கு வேண்டுவதன்று. பானை வனையும்போது எல்லாம் விதி என்று பேசிய அதே வாய், பானை உடைந்தபோது உடைத்தவனைத் தேடியது அன்றோ! எல்லாம் ஊழே என்று எவரும் ஒரு முழு நாளைக் கழித்துவிட முடியாது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும்போதும், கடைக்காரரிடம் மீதிச் சில்லறையை எண்ணி வாங்கும்போதும் நாம் முயற்சியை நம்பியே நடக்கிறோம்.

அறிவியலும் இவ்வினாவை விட்டுவைக்கவில்லை. 1983-ஆம் ஆண்டு பெஞ்சமின் லிபெட் என்னும் அமெரிக்க அறிஞர் தம் ஆய்வு முடிவுகளை வெளியிட்டார். கையை அசைக்க வேண்டும் என்ற எண்ணம் நமக்குத் தோன்றுவதற்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நொடி முன்னதாகவே மூளையில் அதற்கான மின்னசைவு தொடங்கிவிடுகிறது என்பது அவர் கண்டது. ஆகவே முடிவெடுப்பது நாம் அல்ல என்று சிலர் கூறினர். அந்த மின்னசைவிற்கு வேறு விளக்கம் உண்டு என்று பிற்கால ஆய்வாளர் மறுத்தனர். வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் அது முடியும்வரை நாம் வாழாமல் காத்திருக்க இயலாது. ஊழ் உண்டா இல்லையா என்பது அறிஞர்க்குரிய வினா. ஊழ் என்னும் சொல்லை எவ்விடத்தில் வழங்குவது, எவ்விடத்தில் வழங்கலாகாது என்பதே இல்லறத்தார்க்குரிய வினா.

எல்லாம் உழைப்பே என்போர்

மறுகரையில் நிற்போர், "எல்லாம் உழைப்பே, முயன்றவன் வெல்வான், வெல்லாதவன் முயலாதவன்" என்பர். இக்காலத்தில் இவர்கள் குரலே உரக்கக் கேட்கிறது.

கும்பகோணத்தில் வளர்ந்த கணிதமேதை இராமானுசனின் வாழ்வை இவர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுவர். அதனை முழுமையாகப் பார்ப்போம். கணக்கிலேயே மூழ்கிப் பிற பாடங்களில் தவறியதால் உதவித்தொகையை இழந்தார். எஃப். ஏ. தேர்வில் தேறவில்லை. சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். 1913-ஆம் ஆண்டு சனவரியில் கேம்பிரிட்சில் இருந்த ஹார்டிக்குக் கடிதம் எழுதியபோது, தம் ஊதியம் ஆண்டுக்கு 20 பவுனே என்று அதில் குறித்தார். இடையில் அவர் நோட்டுப் புத்தகங்களை நிரப்பிக்கொண்டே இருந்தார். அவ்வுழைப்பில் ஐயமில்லை.

ஆனால் ஹார்டிக்கு எழுதுவதற்கு முன் அதே கேம்பிரிட்சில் இருந்த வேறு இரு கணிதப் பேராசிரியர்களுக்கும் அவர் எழுதியிருந்தார். அவர்களிடமிருந்து உதவி கிட்டவில்லை. எழுதிய கை ஒன்றே. கணக்கும் அதே கணக்கு. படித்த கண்கள் மட்டும் வேறு. ஹார்டியும் கடிதத்தை ஒதுக்கி வைத்திருப்பின், இராமானுசன் உழைத்த உழைப்பில் ஓர் அணுவும் குறைந்திராது. நாம் அவர் பெயரை அறியாமல் இருந்திருப்போம், அவ்வளவே. அவர் 1914-இல் கப்பலேறினார். 1918-இல் இராயல் கழகத்தின் உறுப்பினரானார். 1920-இல் தம் 32-ஆம் வயதில் மறைந்தார். வந்த புகழிலும் ஊழ் இருந்தது. வந்த நோயிலும் ஊழ் இருந்தது. நோட்டுப் புத்தகம் மட்டுமே முற்றிலும் அவருடையது.

நம் காலத்திலும் ஒரு பாடம் கண்டோம். 2020-ஆம் ஆண்டு மார்ச்சு 25-ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியது. மேசை வேலை பார்ப்போர் பலர் வீட்டில் அமர்ந்தவாறே ஊதியம் பெற்றனர். கட்டட வேலையும் ஆலை வேலையும் செய்துவந்தோர் கூலியிழந்து, மனைவி மக்களுடன் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்தே சொந்த ஊர் நோக்கிச் சென்றனர். அவர்களும் நம்மைப் போலவே பிழைப்புக்காக ஊர் விட்டு வந்தவர்கள். அந்நாளில் வீட்டில் இருந்தோர் நடந்தவர்களைவிட மிகுதியாக உழைத்தவர்கள் என்று நெஞ்சறிய எவரேனும் கூற முடியுமா? யார் கையில் சான்றிதழ் இருந்தது, யார் தகப்பனுக்கு நிலம் இருந்தது, எந்தக் கிராமத்துக்குப் பள்ளி முன்னதாக வந்தது என்னும் பழைய கணக்குகளே அன்று சாலையையும் வீட்டையும் பிரித்தன.

வள்ளுவர் வகுத்த இடங்கள்

திருவள்ளுவர் இரண்டையும் சொன்னார். அறத்துப்பாலின் இறுதியில், 38-ஆம் அதிகாரமாக ஊழை வைத்தார். அதனினும் வலியது வேறில்லை என்றார். பொருட்பாலில், 62-ஆம் அதிகாரமாகிய ஆள்வினையுடைமையில், சோர்வின்றி முயல்வோர் ஊழையும் புறமுதுகிடச் செய்வர் என்றார். இது முரண் என்று கல்லூரி மாணாக்கர் வினவுவதுண்டு. அதே ஆள்வினையுடைமை அதிகாரத்தில் உள்ள மற்றொரு குறளை நோக்கினால் முரண் தீரும். நற்பேறு இல்லாமை எவர்க்கும் பழியன்று. அறிய வேண்டியவற்றை அறிந்து முயலாமையே பழி என்பது அதன் கருத்து.

ஈண்டு வள்ளுவர் ஊழையும் உழைப்பையும் மோதவிடவில்லை. இரண்டுக்கும் இடம் வகுக்கிறார். முயற்சி, அவரவர் தமக்குத் தாமே இட்டுக்கொள்ளும் கடமை. ஊழ், பிறர்மீது பழி கூறாதிருப்பதற்கான காரணம். நாளையை நோக்கும்போது நமக்கு உழைப்பே துணை. பிறருடைய நேற்றை நோக்கும்போது ஊழை நினைப்பதே பண்பு. நாம் வழக்கில் செய்வதோ இதற்கு நேர்மாறு.

பிள்ளை நுழைவுத் தேர்வில் தவறிவிட்டான் என்று கொள்வோம். தேர்வுக்கு முந்திய நாள்வரை, "படி, முயற்சி செய்" என்பது தகும். முடிவு வந்த அன்று, "நீ உழைக்கவில்லை, உன் சித்தப்பா மகனைப் பார்" என்று சொல்வது தகாது. ஓர் இடத்திற்குப் பற்பலர் போட்டியிடும் தேர்வில், நன்கு உழைத்தவரிலும் பலர் வெளியே நிற்பது கணக்கின் கட்டாயம். அன்று அவனுக்கு வேண்டுவது நற்பேறின்மை பழியன்று என்னும் வள்ளுவர் வாக்கு. மறுநாள் காலையில் மீண்டும் முயற்சியைப் பற்றிப் பேசலாம்.

நம் குடும்பங்களுக்கே உரிய துயரம் ஒன்றுண்டு. நள்ளிரவில் ஊரிலிருந்து தொலைபேசி ஒலிக்கும். கிடைத்த வண்டியில் ஏறி ஓடுவோம். நாம் சென்று சேருமுன் எல்லாம் முடிந்திருக்கும். "ஒரு நாள் முன்னதாகக் கிளம்பியிருந்தால், போன விடுமுறையில் வந்து பார்த்திருந்தால்" என்று மனம் தன்னைத்தானே வாட்டும். தொலைவில் வாழ்வோர் வீடுகளில் இவ்வேதனை ஆண்டுக்கணக்கில் கிடக்கும். முதியோர் அருகில் அமர்ந்து, "அவ்வளவுதான் கொடுப்பினை, அம்மா" என்பர். அது மூடநம்பிக்கை என்று தள்ளத்தக்கதன்று. தன் கையில் இல்லாத ஒன்றைத் தன் குற்றமாகச் சுமக்கும் நெஞ்சின் பாரத்தை அச்சொல் இறக்கிவைக்கிறது. ஊழ் என்னும் சொல் மருந்தாகும் இடம் இது.

ஊழ் என்னலாகாத இடம்

ஆயினும் மருந்து அளவு மீறினால் நஞ்சாகும். ஊழ் என்று சொல்லலாகாத இடமும் ஒன்றுண்டு. அதனை இளங்கோவடிகள் காட்டுகிறார்.

கோவலனும் கண்ணகியும் நம்மைப் போல் ஊர்விட்டு ஊர் சென்றவர்களே. புகாரில் பொருளிழந்து, புதுவாழ்வு தேடி மதுரைக்கு நடந்தனர். அங்கே செய்யாத குற்றத்திற்காகக் கோவலன் கொலையுண்டான். பின்னர் மதுரைத் தெய்வம் கண்ணகிமுன் தோன்றி, முற்பிறவியில் கலிங்க நாட்டில் கோவலன் செய்த தீவினையே இவ்வாறு வந்து பயன் தந்தது என்று உரைக்கிறது. ஆனால் அது எப்போது உரைக்கிறது என்பதை உற்று நோக்க வேண்டும். கண்ணகி அரசவை ஏறி நீதி கேட்ட பின். சிலம்பை உடைத்து மாணிக்கப் பரல் காட்டி மெய்ப்பித்த பின். தன் தவற்றை உணர்ந்த பாண்டியன் உயிர் துறந்த பின். வழக்குரைக்கச் செல்லும் வழியில் ஒருவர் அவளை மறித்து, "இது உன் ஊழ்வினை, வீட்டுக்குப் போ" என்று கூறியிருப்பின், அது ஆறுதல் ஆகாது, அநீதிக்குத் துணையாகும். பாண்டியனும், "கோவலன் விதி முடிந்தது, நான் என்ன செய்வேன்?" என்று கூறவில்லை. குற்றம் தன்னுடையது என்று ஏற்றான்.

ஆகவே, தீங்கு இழைத்தவன் ஊழின் பின் ஒளிந்துகொள்ள இடமில்லை. தீங்கைத் தடுக்க வல்லவரும் அதன் பின் ஒளிய இடமில்லை. பல்லக்கைச் சுமப்பவனையும் அதில் அமர்ந்திருப்பவனையும் பற்றிய குறளுக்கு, அறத்தின் பயனை இங்கே கண்கூடாகக் காணலாம் என்று பரிமேலழகர் வழியில் பொருள் கொள்வதுண்டு. சுமப்பவனையும் ஊர்பவனையும் காட்டி, இதுதான் அறத்தின் பயன் என்று சொல்லிவிடாதே என்று அதே குறளுக்கு வேறு பொருள் கொள்வோரும் உண்டு. நம் வீட்டில் பாத்திரம் துலக்கும் பெண்ணின் மகள் பள்ளிக்குச் செல்லவில்லை என்பதைக் காணும்போது, "அவள் தலையெழுத்து" என்று நாம் சொல்லிக்கொண்டால், நாம் பல்லக்கின் உள்ளே அமர்ந்திருக்கிறோம் என்பது பொருள். பிறர் துன்பத்தை ஊழ் என்று அறிவது அவரைப் பழிக்காமல் இருப்பதற்காக. அவருக்கு உதவாமல் இருப்பதற்காக அன்று.

முதலடியும் முடிந்த அடியும்

நம் சங்கங்களின் மேடைகளிலும் அழைப்பிதழ்களிலும் கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்றுப் பாட்டின் முதலடி பொறிக்கப்பட்டிருக்கும். எல்லா ஊரும் நம் ஊரே, எல்லாரும் நம் உறவினரே என்னும் அவ்வடி, புலம்பெயர்ந்தோர்க்கு உகந்ததே. ஆனால் அந்த 192-ஆம் பாட்டு அதனோடு முடியவில்லை. நன்மையும் தீமையும் பிறர் தர வருவன அல்ல என்று அது தொடர்கிறது. மலையிலிருந்து பாறைகளில் மோதி இறங்கும் பேராற்றில் மிதக்கும் தெப்பம் போல உயிர் தன் முறைவழியே செல்லும் என்கிறது. அதனால், பெரியோரைக் கண்டு வியப்பதும் இல்லை; சிறியோரை இகழ்வது அதனினும் இல்லை என்று முடிகிறது.

முதலடியைத் தாங்கி நிற்பது இம்முடிவே என்பது நம் துணிபு. எல்லாரும் உறவினர் என்று சொல்வது எளிது. வென்றவனைக் கண்டு மயங்கி, தோற்றவனைக் கண்டு முகம் திருப்பும் நெஞ்சில் அவ்வுறவு நிலைக்காது. ஒரே வண்டியில் வந்து இறங்கியவர்களுள் ஒருவர் அடுக்குமாடி வீட்டிலும் மற்றொருவர் ஒற்றை அறையிலும் வாழலாம். ஆற்றின் வேகமும் பாறையின் இருப்பும் இருவர்க்கும் ஒன்றுபோல் அமையவில்லை என்று உணர்ந்தவரே, விழாவில் அவ்விருவரையும் ஒரே வரிசையில் அமரச் செய்வார்.

தெப்பத்தில் செல்வோனும் துடுப்பைக் கீழே வைப்பதில்லை என்பதையும் மறக்கலாகாது. ஆற்றை அவன் படைக்கவில்லை. அதன் போக்கை மாற்றவும் அவனால் இயலாது. ஆனால் துடுப்பு அவன் கையில் உள்ளது. கவிழ்ந்த தெப்பத்திலிருந்து ஒருவன் கை நீட்டினால், "நீ ஏன் சரியாகத் துடுப்பிடவில்லை?" என்று அவனிடம் கேட்க அதுவன்று நேரம்.

அன்பர்களே! ஊழின் மெய்ம்மையைப் பற்றி நாம் எவ்வளவு எண்ணினும் அதன் ஆழம் காண்பது அரிது. ஆனால் அச்சொல்லை வழங்கும் முறையை இன்றே திருத்திக்கொள்ளலாம். நம் நாளைக்கு உழைப்பு. பிறர் நேற்றைக்கு ஊழ். இடையே நிகழும் அநீதிக்கு இரண்டும் அல்ல, நீதி. நமக்கு வாய்த்த நன்மையை எண்ணும்போது, உழைப்பின் பெருமையோடு, அன்று படுக்க இடம் கொடுத்த ஊர்க்காரரின் நினைவும் வரட்டும். இந்த மாதமும் ஏதேனும் ஒரு வண்டியில், கையில் ஒரு பையும் ஒரு விலாசமுமாக ஓர் இளைஞன் நம் நகரத்தில் வந்து இறங்குவான். அவனுடைய உழைப்பு அவன் கையில். அவனுடைய ஊழில் ஒரு சிறு பங்கு, கதவைத் திறக்கும் நம் கையில்.